பதினெட்டு வயதுக்கு முந்நூறு குதிரைகள்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரிப்பதற்கெல்லாம் பொறுமை இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். “அண்ணா, நீயே அவனிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் பயந்துகொண்டு சொல்கிறேன் என்கிறான். அவன் அப்பா சொன்னால் காசைப் பார்க்கிறார் என்கிறான். நீ சொன்னால்தான் காதில் ஏறும்.” அவன் என்பது அவளுடைய மூத்த மகன். பதினெட்டு வயது முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் மனத்தில் குடியேறியிருக்கும் கார் இரண்டு கதவுகளும், கூடுதல் காற்றைத் திணித்துத் திறனைக் கூட்டும் டர்போ பொருத்திய எஞ்சினும், பின்சக்கர இயக்கமும், 300 குதிரைத்திறனும் கொண்டது. எடை ஏறத்தாழ 1,500 கிலோ. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி என்பதால் வீட்டாரின் கைக்கு எட்டும் தூரத்தில் அது இருந்தது. எட்டாத தூரத்தில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

மறுத்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கார்ப் பித்து பிடித்ததே என்னால்தான். பேசக் கற்றுக்கொண்டிருந்த வயதில் அவனை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் வரும் வண்டியைப் பார்க்காமல் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டே எது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை நான்தான் தொடங்கிவைத்தேன். பன்னிரண்டு வயதில் முறுக்குவிசைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் எனக்கே விளக்கினான், சரியாகவும் விளக்கினான். ஆகவே, “இதெல்லாம் உனக்கு எதற்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு வாய் வரவில்லை. மறுப்பதானால் காரணத்தோடு மறுக்க வேண்டும், அந்தக் காரணம் அவன் கேட்கும் எதிர்க்கேள்விகளைத் தாங்க வேண்டும் என்று நினைத்து இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் பெரியவர்கள் முதலில் கையில் எடுப்பது மூளையைப் பற்றிய வாதம். விளைவுகளை எடைபோட்டு உந்துதலை அடக்கும் வேலையில் பெரும்பங்கு வகிக்கும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால், அதைப் பதினெட்டு வயதுக்காரனிடமே வாதமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. “உன் மூளை இன்னும் பழுக்கவில்லை” என்று சொல்லிவிட்டு, பிறகு அதே மூளையிடம் எப்படி நியாயம் பேசுவது? தவிரவும், அந்த வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் அவனுக்கு எந்தக் காரையுமே தரக்கூடாது என்றுதான் வந்து முடியும். சிறிய எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும் நடுவில் அவனைப் பொறுத்தவரை என்ன மாறுகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பதிலைக் கணக்கில் தேடினேன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 14 விநாடி எடுத்துக்கொள்ளும் சாதாரணக் குடும்பக் கார் ஒன்றை வைத்துக்கொள்வோம். அவன் கேட்கும் கார் அதே வேகத்தை ஏறத்தாழ 5 விநாடியில் எட்டிவிடும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கவோ, பின்னால் இருப்பவன் சொன்ன வேடிக்கைக்குத் திரும்பவோ ஓட்டுபவரின் கவனம் இரண்டு விநாடி விலகுகிறது என்றால், சராசரியாகப் பார்த்தால் முதல் காரின் வேகம் அதற்குள் 14 கி.மீ. கூடியிருக்கும், இரண்டாவதன் வேகம் 40 கி.மீ. கூடியிருக்கும். பிழை ஒன்றுதான், ஓட்டியவரும் ஒருவர்தான். முதல் காரில் அவர் திரும்பிப் பார்க்கும்போது சாலை ஏறக்குறைய விட்ட இடத்திலேயே இருக்கிறது. இரண்டாவதில், அவர் முன்பின் பார்த்திராத வேறொரு சாலையில் இருக்கிறார்.

பழகிய ஓட்டுநருக்கும் இதே கணக்குத்தான் என்றாலும், அவர் தொலைவில் உள்ளதைப் படித்துக்கொண்டே வருகிறார். நிறுத்தியிருக்கும் வண்டியின் சக்கரம் லேசாகத் திரும்பியிருந்தால் அது கிளம்பப் போகிறது என்றும், சாலைக்குள் பந்து உருண்டு வந்தால் பின்னால் ஒரு குழந்தை வரும் என்றும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. புதிதாக ஓட்டுபவரின் பார்வை வண்டிக்கு அருகிலேயே, முன்னால் போகும் காரின் பின்புறத்திலேயே தங்கிவிடும். இருபுறமும் விரிந்து தேடாது. இது அறிவுக் குறைபாடு இல்லை. ஸ்டியரிங்கும் கிளட்சும் பிரேக்கும் கை கால்களுக்குத் தாமாகப் பழகும் வரை மனத்தின் பெரும்பகுதி அவற்றுக்கே செலவாகிவிடுகிறது, அவ்வளவுதான். பழகப் பழக அந்தச் செலவு குறைந்து பார்வை தொலைவுக்குப் போகிறது. அதுவரைக்குமான சில ஆயிரம் கிலோமீட்டருக்கு அவனுக்குத் தேவைப்படுவது நேரம். 300 குதிரைத்திறன் முதலில் பறிப்பது அந்த நேரத்தைத்தான்.

இதைச் சொன்னபோது மருமகன் உடனே மடக்கினான். “மாமா, அந்தக் காரின் பிரேக் நம் வீட்டுக் காரின் பிரேக்கைவிட எவ்வளவோ மேல். பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதானே நல்லது?” கேட்க வேண்டிய கேள்வி. ஒரு தாளை எடுத்து இருவருமாகக் கணக்குப் போட்டோம். உலர்ந்த சாலையில் சாதாரணக் கார் விநாடிக்கு விநாடி 8 மீட்டர் அளவுக்கு வேகத்தைக் குறைக்கும் என்றும், நல்ல டயரும் பெரிய பிரேக்கும் உள்ள அந்தக் கார் 10 மீட்டர் அளவுக்குக் குறைக்கும் என்றும் கொண்டோம். 100 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் சாதாரணக் கார் நிற்க 48 மீட்டர் வேண்டும். அவன் கேட்ட காருக்கு 39 மீட்டர் போதும். அவன் முகம் மலர்ந்தது. பிறகு அந்தக் காரை 120 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டுக் கணக்கிட்டோம். 56 மீட்டர். அதாவது, 20 கி.மீ. கூடுதல் வேகம் அந்த உயர்ந்த பிரேக்கின் முழுப் பயனையும் விழுங்கிவிட்டு மேலும் 8 மீட்டர் கடன் வைக்கிறது. ஆபத்தை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஆகும் ஒரு விநாடியையும் சேர்த்தால், சாதாரணக் கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து 76 மீட்டரில் நிற்கும், அவன் கேட்ட கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து 89 மீட்டரில் நிற்கும். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை அவன் பள்ளியில் படித்தவன்தான். படித்ததற்கும், தாளில் தன் கனவுக் கார் பிந்திப்போய் நிற்பதைப் பார்ப்பதற்கும் வேறுபாடு இருந்தது.

“நான் ஏன் 120-இல் போகப் போகிறேன்?” என்றான். அதற்குப் பதிலாக, இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் யாரிடமும் முழுமையாகச் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன்.

எனக்கு அப்போது 19 வயது. நண்பன் ஒருவனின் அண்ணன் வைத்திருந்த பின்சக்கர இயக்கக் காரை, அவர் ஊரில் இல்லாத ஒரு மாலையில், நண்பர்கள் மூவரை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். இன்றைய கணக்கில் அது பெரிய எஞ்சினே இல்லை. நான் அதுவரை ஓட்டியிருந்த வண்டியைவிட இரண்டு மடங்கு வலுவானது, அவ்வளவே. மழை விட்டுச் சற்று நேரம் ஆகியிருந்தது. இடப்புறம் வளையும் ஒரு நீண்ட வளைவில் நுழைந்த பிறகுதான் வேகம் கூடுதல் என்று தோன்றியது. தோன்றியதும் எந்தப் புது ஓட்டுநரும் செய்வதைத்தான் செய்தேன்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று முழுவதுமாக எடுத்தேன். அடுத்த கணம் முன்கண்ணாடியில் சாலைக்குப் பதிலாக மரங்கள் ஓடின. பிறகு நாங்கள் வந்த சாலை தெரிந்தது. பிறகு மறுபடியும் மரங்கள். ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஓரத்துப் புல்லில் வந்த திசையையே பார்த்தபடி வண்டி நின்றது. எதிரே யாரும் வரவில்லை. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எஞ்சின் அணைந்துபோயிருந்தது, வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மருமகனுக்கு நான் சொல்ல விரும்பியது அந்தச் சுழற்சியைப் பற்றி இல்லை. அதற்குப் பின் நடந்ததைப் பற்றி. ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பத்தாவது நிமிடத்தில் சிரிக்கத் தொடங்கினோம். மறுநாள் நான் அதைச் சாகசக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாலையில் எண்ணெய் சிந்தியிருந்தது என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்தேன். சொல்லச் சொல்ல அதை நானே நம்பினேன். வண்டியைத் திறமையாகக் கட்டுப்படுத்தி நிறுத்தியதாகவும் கதை வளர்ந்தது. காலை எடுத்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரிய மேலும் ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. தப்பித்தவனுக்கு அனுபவம் வந்துவிடும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு வந்தது தவறான அனுபவம். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள முடியாத வேகத்தில் நடப்பது எதையும் கற்பிப்பதில்லை.

நடந்தது என்னவென்றால், கார் சாலையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். அந்த உள்ளங்கைக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. திருப்புவதற்கும், வேகம் கூட்டுவதற்கும், பிரேக் பிடிப்பதற்கும் அந்த ஒரே பிடிமானத்தைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத போர்வையைப் போன்றது அது. வளைவின் நடுவில் காலை எடுத்ததும் காரின் பளு முன்சக்கரங்களுக்குச் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன, லேசானவை வழுக்கி வெளியே வீசப்படுகின்றன. டர்போ எஞ்சினில் இதற்கு எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. 1975-இல் வெளிவந்த முதல் போர்ஷே 911 டர்போவில் 260 குதிரைத்திறன் இருந்தது. எஞ்சினோ பின்சக்கரங்களுக்கும் பின்னால். ஆக்சிலரேட்டரை அழுத்திச் சற்று நேரம் ஒன்றும் நடக்காது. ஓட்டுநர் இன்னும் அழுத்துவார். பிறகு வளைவின் நடுவில் மொத்தத் திறனும் ஒரே மூச்சில் வந்து சேரும். அதிர்ந்து காலை எடுத்தால் பின்புறம் முன்னே வந்துவிடும். “விதவையாக்கி” என்ற பட்டப்பெயரைப் பெற்ற அந்தக் காரை வாங்கியவர்கள் பெரும்பாலும் பதின்பருவத்தினர் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய கார்கள் அப்படி இல்லை என்று மருமகன் சொன்னான், சரிதான். டர்போவின் தாமதம் பெருமளவு குறைந்துவிட்டது. சறுக்கத் தொடங்கும்போது எந்தச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்க வேண்டும் என்று முடிவுசெய்து தானே கொடுக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 1995-இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமான அந்த ஏற்பாடு, மற்ற வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் ஒரு கார் தானாகவே மோதி உயிர் பறிக்கும் விபத்துகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கண்டறிந்தது. 2012-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அந்நாட்டின் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். நான் 19 வயதில் ஓட்டிய காரில் அது இருந்திருந்தால் என் சாகசக் கதை பிறந்தே இருக்காது.

ஆனாலும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அகன்ற டயரும் இறுக்கமான சஸ்பென்ஷனும் உள்ள நவீன ஸ்போர்ட்ஸ் கார், சாதாரண வேகத்தில் எந்தப் பிழையையும் வெளியே காட்டாது. வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்தாலும் டயர் கத்தாது, உடல் சாயாது, ஸ்டியரிங் முரண்டு பிடிக்காது. சிறிய காரோ 50 கி.மீ. வேகத்திலேயே எல்லாவற்றையும் செய்து காட்டிவிடும்: சாயும், கத்தும், முன்சக்கரம் வழுக்குவதை ஸ்டியரிங்கில் சொல்லும். அந்த வேகத்தில் தவறினால் கூச்சத்தோடு போய்விடும். வலுவான காரில் அதே பாடம் 110-இல்தான் தொடங்குகிறது; அங்கே தவறுபவன் பாடத்தை முடித்துவிட்டு எழுந்து வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதுவரை அவன் தன்னை நல்ல ஓட்டுநர் என்றே நம்பிக்கொண்டிருப்பான். அப்படி நம்பக் காரணமும் இருக்கும், ஏனென்றால் ஒரு தடவைகூட வண்டி அவனைத் திருத்தியிருக்காது. மழையில் நிலைமை தலைகீழ்: அகன்ற டயர் தண்ணீரை எளிதில் வெட்டாது, மிதக்கத் தொடங்கும். உலர்ந்த நாளில் அவ்வளவு நம்பிக்கை கொடுத்த அதே கார், எச்சரிக்கை இல்லாமல் கைவிட்டுவிடும்.

முந்திச் செல்லும்போது திறன் கூடுதலாக இருந்தால் எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறையும் என்ற வாதத்தையும் அவன் வைத்தான். அது உண்மை. எனக்கும் அந்த வசதி பிடிக்கும். ஆனால், முந்தலாமா கூடாதா என்ற தீர்ப்பு இன்னும் கைவராதவனுக்கு, முந்த முடியும் என்ற வசதி முந்தும் தடவைகளைத்தான் கூட்டும்.

பிறகு அவன் துருப்புச் சீட்டை இறக்கினான். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியபோது அவருக்கு 17 வயது. சாலையில் ஓட்டுவதற்கான உரிமத்தை அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, தம் பதினெட்டாம் பிறந்த நாளில்தான் பெற்றார். “அவரால் முடியும் என்றால்?” என்றான். இந்த எடுத்துக்காட்டுக்காக நான் காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும். பதின்வயதுக் கைகளால் அவ்வளவு வலுவான வண்டியை ஆள முடியும் என்பதற்கு அது முழுச் சான்று. வயது மட்டுமே குற்றவாளி இல்லை என்பதற்கும் அதுவே சான்று. ஆனால் அவர் ஐந்து வயதுக்கு முன்பே கார்ட் என்னும் சிறிய பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கியவர். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் இன்றுள்ள ஏணியைப் பார்த்தால், கார்ட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு 15 வயதில் கிடைக்கும் ஃபார்முலா 4 காரில் 180 குதிரைத்திறன் அளவில்தான் இருக்கும். அடுத்து ஃபார்முலா 3-இல் 380. அதற்கடுத்து ஃபார்முலா 2-இல் 620. ஒரு படியில் நின்று நிறுவிய பிறகுதான் மறு படி. அதுவும் எதிரே யாரும் வராத, விலகினால் சரளைக்கற்களும் டயர் அடுக்குகளும் பிடித்துக்கொள்ளும் தடத்தில், தலைக்கவசத்தோடும் ஐந்தாறு முனை வார்ப்பட்டையோடும். இவ்வளவுக்கும் பிறகுகூட, வெர்ஸ்டாப்பனின் வருகையையொட்டி சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு ஃபார்முலா 1-க்கான குறைந்தபட்ச வயதை 18 ஆக உயர்த்தி, சாலை உரிமத்தையும் கட்டாயமாக்கியது. பந்தயக்காரர்கள் பிள்ளைகளைப் படிப்படியாகத்தான் ஏற்றுகிறார்கள். படியே இல்லாமல் மாடிக்கு ஏற்றுவது வீட்டில் இருக்கும் நாம்தான்.

மோட்டார் சைக்கிளில் இந்தப் படிகளைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல், 18 வயதுக்காரர் பெறக்கூடிய நடுத்தர உரிமத்தில் 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன்தான் உச்சம். இரண்டு ஆண்டு ஓட்டிய பிறகே கட்டுப்பாடற்ற உரிமம். கார்களுக்கு அத்தகைய ஏற்பாடு சில இடங்களில்தான் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில், தற்காலிக உரிமம் பெற்றவர்கள் டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டிய கார்களை ஓட்டக் கூடாது. இத்தாலி இன்னும் கறாரானது: முதலாண்டு ஓட்டுநருக்கு டன்னுக்கு 55 கிலோவாட், மொத்தம் 70 கிலோவாட் என்று நெடுநாள் வைத்திருந்து, 2024 டிசம்பரில் அதை 75, 105 என்று தளர்த்தினாலும் காலத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. மருமகனின் கனவுக் காருக்கு நாங்கள் கணக்கிட்டது டன்னுக்கு ஏறக்குறைய 149 கிலோவாட். இரண்டு நாட்டிலும் அவன் அதைத் தொட முடியாது.

இந்த எண்களில் எனக்குப் பிடித்தது, இவை “ஸ்போர்ட்ஸ் கார்” என்ற சொல்லைப் பொருட்படுத்தாமல் எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கின்றன என்பது. 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 எல்லா விதத்திலும் ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆனால் 1,600 சிசி எஞ்சினில் 115 குதிரைத்திறன் அளவே இருந்தது. 2012-இல் வந்த டொயோட்டா 86-இல் 200 குதிரைத்திறன். பிடிமானம் மிகுந்த டயரைத் தவிர்த்து வேண்டுமென்றே ஒல்லியான சாதாரண டயரைப் போட்டுக் கொடுத்தார்கள், குறைந்த வேகத்திலேயே வண்டியின் சுபாவம் கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. மறுபுறம், ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் அழைக்காத மின்சாரக் குடும்பக் கார்கள் பல இன்று 5 விநாடிக்குள் 100 கி.மீ. வேகத்தைத் தொடுகின்றன, அழுத்திய கணமே முழு முறுக்குவிசையும் வந்துவிடும், சத்தமும் வராது. “அவன் கேட்டது ஸ்போர்ட்ஸ் கார், நாங்கள் வாங்கிக்கொடுத்தது குடும்பக் கார்” என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் அந்த விகிதத்தை ஒரு தடவை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

“நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்” என்று அவன் கடைசியாகச் சொன்னதை நான் நம்புகிறேன். தனியாகப் போகும்போது அப்படித்தான் ஓட்டுவான். அத்தகைய காரில் அவன் தனியாகப் போகப் போவதில்லை என்பதுதான் என் கவலை. அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏஏஏ-வின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை அந்நாட்டின் 16, 17 வயது ஓட்டுநர்களைப் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 21 வயதுக்குட்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டால் ஓட்டுநர் உயிரிழக்கும் அபாயம் 44 விழுக்காடு கூடுகிறது. இருவர் என்றால் இரு மடங்கு. மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கு மடங்கு. 35 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் உடன் இருந்தாலோ அபாயம் 62 விழுக்காடு குறைகிறது. என் ஒன்றரைச் சுற்றின்போது காரில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அவனே எண்ணிப் பார்த்தான். “காட்டு, பார்ப்போம்” என்று பின்இருக்கையிலிருந்து ஒரு குரல் வருவதற்குக் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். 80 குதிரைத்திறன் காரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சில நிறுவனங்கள் சாவியிலேயே கட்டுப்பாட்டை வைத்திருக்கின்றன. 707 குதிரைத்திறனோடு வெளிவந்த டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டுக்கு இரண்டு சாவி தந்தார்கள். சிவப்பில் முழுத் திறன், கறுப்பில் 500. பதின்பருவப் பிள்ளைக்கு 500 போதும் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்களே என்று அதைப் படித்தபோது சிரித்தேன். ஃபோர்டு பிள்ளைகளுக்கென்று தரும் சாவி உச்ச வேகத்தையும் பாட்டின் சத்தத்தையும் மட்டுப்படுத்தும். அது ஓரளவு பயனுள்ளது. என்றாலும் வளைவில் 70 கி.மீ. வேகத்தில் நடக்கும் பிழையை உச்ச வேகக் கட்டுப்பாடு தடுக்காது.

இவ்வளவு சொன்னபின், தங்கை உடனே எதிர்த்திசைக்குப் போனாள்: வீட்டில் இருபது ஆண்டுப் பழைய சிறிய கார் ஒன்று கிடக்கிறதே, அதைக் கொடுத்துவிடலாமே என்றாள். அதற்கும் நான் ஒப்பவில்லை. திறன் குறைந்தால் மோதும் வாய்ப்புக் குறையும். மோதிவிட்டால் காப்பாற்றுவது காரின் எடையும் உடற்கூடும் காற்றுப்பைகளும்தான். அந்தப் பழைய காரில் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லை, பக்கவாட்டுக் காற்றுப்பை இல்லை. அனுபவம் மிகக் குறைந்தவரிடம் வீட்டிலேயே பாதுகாப்பு மிகக் குறைந்த வண்டியைத் தள்ளிவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பள்ளம் விழுந்தால் பரவாயில்லை என்று வண்டியைப் பற்றி மட்டும் யோசிப்பதால் வருவது அது.

முடிவில், தங்கையின் கணவர் ஓட்டிவரும் 82 குதிரைத்திறன் காரையே அவனுக்குக் கொடுப்பது, அவர் வேறு வண்டி பார்த்துக்கொள்வது என்று ஆயிற்று. நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, சக்கரத்தைப் பூட்டாத பிரேக் (ஏபிஎஸ்), ஆறு காற்றுப்பைகள் எல்லாம் அதில் உண்டு. முதல் ஆறு மாதம் இரவு பத்துக்கு மேல் இல்லை, ஒரு நண்பனுக்கு மேல் ஏற்றுவது இல்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பந்தயத் தடத்தில் பயிற்சி. அதன் பிறகு அவன் கேட்ட காரைப் பற்றி மறுபடியும் பேசுவோம் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டான் என்று சொன்னால் பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை, உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தார் போட்ட ஒரு பெரிய வெற்று மைதானத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன். முந்தைய இரவு பெய்த மழையில் தரை நனைந்திருந்தது. 50 கி.மீ. வேகத்தில் வந்து முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டான். பூட்டாத பிரேக் வேலை செய்யும்போது அப்படித்தான் அதிரும், அப்போது காலை எடுக்கவே கூடாது என்பது அவனுக்குத் தெரிந்ததுதான், எனக்கே விளக்கியிருக்கிறான். காலுக்குத் தெரியவில்லை. ஆறாவது தடவைதான் காலை எடுக்காமல் முழுவதும் நிறுத்தினான். பிறகு 40 கி.மீ. வேகத்தில் வளைத்து, நடுவில் சட்டென்று காலை எடுக்கச் சொன்னேன். பின்புறம் லேசாக விலகியது, முன்பலகையில் மஞ்சள் விளக்கு மின்னியது, கார் தானே நேரானது. அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து, தானாகவே அதை இன்னும் நான்கு தடவை செய்து பார்த்தான்.

நிறுத்தியபின் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தான். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும் என்று காலையில் சொல்லியிருந்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் புதியவை. பின்னால் இருந்தவற்றை ஈரக் கையால் துடைத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

“நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது செய்த டயர், மாமா.”

நாளை இரண்டையும் மாற்றப் போகிறோம்.